காலிப்பர் மாற்றும்போது பிரேக் ஆயில் கொட்டாமல் நிறுத்துவது எப்படி?

புதுக்கை: முன் சக்கரம் ஒன்று சூடாகிறது. பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் இறுகிவிட்டது என்று நினைத்து மாற்றப் போகிறேன். ஹோஸைக் கழற்றியதும் டப்பாவில் இருக்கும் ஆயில் மொத்தமும் வடிந்துவிடுமோ என்று பயம். ஹோஸை நெரித்துப் பிடிக்கலாமா?

கிரீஸ்மாமா: தாராளமாக. உருண்டை வாய் கிளாம்ப் இதற்கென்றே இருக்கிறது. பதினைந்து வருடமாக நெரிக்கிறேன், ஒரு ஹோஸும் கெட்டதில்லை.

மூன்றாம்கியர்: கெட்டது உங்கள் கண்ணில் பட்டிருக்காது மாமா. பிரேக் ஹோஸ் என்பது செடிக்குத் தண்ணீர் விடும் குழாய் இல்லை. உள்ளே ஒரு குழாய், நடுவில் நூல் பின்னல், மேலே உறை. பழைய ஹோஸை நெரித்தால் வெளியே கீறல்கூட தெரியாது. உள்குழாய் பிளந்து செதில் மாதிரி தொங்கும். பெடலை மிதித்தால் ஆயில் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வர வழியிருக்காது. சக்கரம் பிடித்துக்கொண்டே ஓடும்.

தம்பி, உன் வண்டியிலும் முதலில் அதைப் பார். சக்கரம் பிடித்திருக்கும்போது அந்த காலிப்பரின் பிளீடரை, அதாவது காற்றை வெளியேற்றும் சின்னத் திருகைத் திற. உடனே சக்கரம் விடுபட்டால், அழுத்தம்தான் உள்ளே சிக்கியிருக்கிறது. பிஸ்டனைத் திட்ட வேண்டாம்.

புதுக்கை: பார்த்துவிட்டேன் அண்ணா. பிளீடரைத் திறந்தும் விடவில்லை. பிஸ்டன்தான்.

மூன்றாம்கியர்: அப்போது பெடலையே அடைப்பாகப் பயன்படுத்து. டப்பாவிலிருந்து, பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் இறங்கும் வழி, பெடல் மேலே இருக்கும்போதுதான் திறந்திருக்கும். பெடல் ஓர் அங்குலம் இறங்கினாலே அது மூடிக்கொள்ளும். ஒரு குச்சியை சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் முட்டுக்கொடு. இரண்டு சொட்டு விழும், அப்புறம் நின்றுவிடும்.

கிரீஸ்மாமா: பழைய வண்டியில் பெடலைத் தரைவரை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டர் சீல் துருப்பிடித்த இடத்தில் உரசிக் கிழியும். அது மட்டும் பரவாயில்லையா?

மூன்றாம்கியர்: தரைவரை யார் சொன்னார்கள்? ஓர் அங்குலம். ஒன்று மட்டும் கவனம்: பிளீடரில் டியூப் மாட்டி, பாட்டிலில் விட்டு, அதைத் திறந்து வைத்துக்கொண்டே பெடலை இறக்க வேண்டும். முட்டுக்கொடுத்த பிறகு மூடு. இல்லையென்றால் உள்ளே நிற்கும் அழுத்தம் ஹோஸைத் தளர்த்தியதும் முகத்தில் பீச்சும். கண்ணாடி போட்டுக்கொள். பெடல் இறங்கியிருக்கும்வரை பிரேக் லைட்டும் எரியும், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடு.

சும்மாஇருப்பவன்: இவ்வளவு எதற்கு? எப்படியும் கடைசியில் உள்ளே புகுந்த காற்றை எடுக்கத்தானே (ஏர் எடுப்பது) போகிறீர்கள். அடியில் ஒரு தட்டை வைத்து வடிய விடுங்கள்.

கிரீஸ்மாமா: இதில் நானும் மூன்றாம்கியரும் ஒரே கட்சி. டப்பா காலியானால் காற்று, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போகலாம். சில வண்டிகளில் அதை வெளியேற்ற ஸ்கேனரை மாட்டி பம்பை ஓடவிட வேண்டும். ஆயில் பெயிண்டில் பட்டால் அதையும் தின்னும். துணியால் துடைத்தால் போதாது, தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பெயர்தான் ஆயில், டாட் 3, டாட் 4 என்ற பிரேக் ஆயில் வகைகள் எல்லாம் தண்ணீரில் கரையும்.

மூன்றாம்கியர்: சரியாகச் சொன்னீர்கள். அந்தக் குணத்தால்தான் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறியதற்கு 155 போதும் என்கிறார்கள். வடிந்ததைத் திரும்ப டப்பாவில் ஊற்றாதே தம்பி.

கிரீஸ்மாமா: ஹோஸையும் சேர்த்து மாற்றுவதாக இருந்தால் நெரிப்பேன். எப்படியும் குப்பைக்குப் போகிற ஹோஸ்.

மூன்றாம்கியர்: அதில் எனக்குச் சண்டை இல்லை.

புதுக்கை: முடித்துவிட்டேன். பெடல் முட்டு வேலை செய்தது, ஐந்தாறு சொட்டுதான் விழுந்தது. ஆனால் எல்லாம் மாட்டி பெடலை மிதித்ததும், ஹோஸை காலிப்பரோடு இணைக்கும் பாஞ்சோ போல்ட்டைச் சுற்றிக் கசிவு. இறுக்கினேன், நிற்கவில்லை. கழற்றிப் பார்த்தால் பழைய செப்பு வாஷர் ஹோஸின் கண்ணிலேயே ஒட்டியிருந்தது. அழுக்கில் ஹோஸோடு ஹோஸாக இருந்ததால் தெரியவில்லை, அதன் மேலேயே புது வாஷரைப் போட்டிருக்கிறேன்.

கிரீஸ்மாமா: நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் புது வாஷரும் நசுங்கியிருக்கும், வேறு இரண்டு வாங்கிப் போடு.