கட்டட ஆய்வைத் தனியாரிடம் ஒப்படைக்கலாமா?

அல்சூர்வாசி கேட்டது:

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டை ஒட்டிய 20க்கு 30 மனையில் கடந்த ஆண்டு வாடகை வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். தரைத்தளமும் இரண்டு மாடிகளும் கட்டவே அனுமதி என்று கேள்விப்பட்டோம். இப்போது நான்காவது மாடிக்குச் சென்டரிங் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் சமையலறைச் சுவரில் விரிசல் விட்ட பிறகு வார்டு அலுவலகத்தில் மூன்று முறை மனு கொடுத்தேன். அங்கிருந்த பொறியாளர் மரியாதையாகவே பேசினார். சாலைப் பள்ளம், மழைநீர் வடிகால், கட்டட ஆய்வு எல்லாவற்றுக்கும் தாம் ஒருவரே என்றார். 2024 அக்டோபரில் பாபுசாபாளையாவில் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் மழையில் சரிந்து தொழிலாளர்கள் மாண்டதிலிருந்து, மழை பெய்யும் இரவுகளில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஆள் போதவில்லை என்றால் இந்தப் பணியைத் தனியார் பொறியாளர்களிடம் மாநகராட்சி ஒப்படைத்துவிடலாமா? அல்லது அதனால் நிலைமை இன்னும் மோசமாகுமா?

ஓய்வுபெற்ற பொறியாளர் எழுதியது:

வணக்கம். நகராட்சிப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு கட்டடத்தின் உயிர், கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் இருக்கிறது. அஸ்திவாரக் குழி உறுதியான மண் வரை இறங்கியிருக்கிறதா, தூணில் ரிங் கம்பிகள் வரைபடத்தில் உள்ள இடைவெளியில் கட்டப்பட்டிருக்கின்றனவா என்பவற்றை அப்போதுதான் கண்ணால் பார்க்க முடியும். கான்கிரீட் மூடிய பிறகு வரும் அதிகாரி சுவரின் நிறத்தைத்தான் பார்க்கிறார். ஒவ்வொரு தளத்துக்கும் ஒருவர் நேரில் போய் நிற்க வேண்டுமென்றால் இந்நகரத்தின் அலுவலர் எண்ணிக்கை ஒருநாளும் போதாது. ஆகவே வெளியாட்களை அமர்த்துவதை நான் எதிர்க்கவில்லை.

என் அச்சம் வேறு. ஆய்வாளரைத் தேர்ந்தெடுப்பவர் யார், அவருக்குக் கூலி கொடுப்பவர் யார்? பெங்களூரு மாநகராட்சியின் 'நம்பிகே நக்ஷே' திட்டத்தில், பதிவுபெற்ற கட்டடக் கலைஞரையோ பொறியாளரையோ உரிமையாளரே அமர்த்தி வரைபட ஒப்புதல் பெறுகிறார். வரைபடத்துக்கு அது பொருந்தலாம். கம்பி கட்டுவதைச் சோதிக்கவும் அதே முறை வந்தால், கடுமையாகப் பார்ப்பவருக்கு அடுத்த வேலை கிடைக்காது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், கட்டடத்தை ஆய்ந்து சான்றளிக்கும் தனியார் சான்றாளர்கள் 1998 முதல் இருக்கிறார்கள். கட்டுநரே தமக்குச் சான்றளிப்பவரை அமர்த்துகிறார் என்ற முறையீடு அங்கே நெடுங்காலம் இருந்தது. சிட்னியின் ஓப்பல் டவரில் 2018 டிசம்பர் 24 அன்று விரிசல் கண்டு குடியிருந்தவர்களை வெளியேற்ற நேர்ந்தது. 2020இல் இயற்றிய சட்டத்தின் மூலம், குறையுள்ள அடுக்ககங்களுக்குக் குடிபுகு சான்று வழங்காமல் தடுக்கும் அதிகாரத்தை அரசே எடுத்துக்கொண்டது. நியூசிலாந்தில் 1991 சட்டம் தனியார் சான்றாளர்களை அனுமதித்தது. மழைநீர் கசிந்து உளுத்த வீடுகள் பெருகியபோது சான்றாளர்களுக்குக் காப்பீடு கிடைக்காமல் போனது. இழப்பின் பெரும்பகுதி வீட்டுக்காரர்கள் மீதும் உள்ளாட்சிகள் மீதும் விழுந்தது.

கட்டுநர் கட்டணத்தை மாநகராட்சியில் செலுத்த வேண்டும். எந்தப் பொறியாளர் எந்தக் கட்டடத்துக்குப் போவார் என்பதைக் குலுக்கலில் மாநகராட்சி முடிவு செய்ய வேண்டும். வேலையை நிறுத்தும் ஆணையில் அரசு அலுவலரே கையெழுத்திட வேண்டும். பார்க்கும் வேலையை வெளியே கொடுக்கலாம், மறுக்கும் அதிகாரத்தைக் கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

கட்டமைப்புப் பொறியாளர், இந்திராநகர்:

ஐயா சொன்ன குலுக்கல் முறையை ஏற்கிறேன். ஆனால் அரசு அலுவலரின் கையெழுத்தில் அவர் வைக்கும் நம்பிக்கை எனக்கு இல்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்களே, அது அனுமதி பெற்றுக் கட்டிய கட்டடம்தான். லண்டனில் 2017இல் தீப்பிடித்து 72 உயிர்களைப் பறித்த கிரென்ஃபெல் கோபுரத்தின் புதுப்பிப்புப் பணியைப் பார்வையிட்டதும் உள்ளாட்சியின் சொந்த ஆய்வுப் பிரிவுதான், தனியார் அல்லர். தனியாரோடு போட்டியிட வேண்டிய நிலையில் உள்ளாட்சி ஆய்வாளர்களும் விண்ணப்பதாரரை வாடிக்கையாளராகப் பார்க்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்ற கேள்வி, அந்தத் தீவிபத்து விசாரணையின் 2024 அறிக்கைக்குப் பிறகு இன்னும் கூர்மையாகியிருக்கிறது. அரசு அலுவலர் கையெழுத்திட்டால் மட்டும் போதாது. எந்த நாளில் யார் வந்தார், எந்தத் தூணைப் பார்த்தார், என்ன படம் எடுத்தார் என்பதை அண்டை வீட்டாரும் இணையத்தில் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அல்சூர் நண்பருக்கு அந்தப் பதிவு இருந்திருந்தால் மூன்று முறை அலைந்திருக்க மாட்டார்.

வழக்கறிஞர், சிவாஜிநகர்:

பொதுவான கேள்வியை விட்டு உங்கள் மனுவுக்கு வருகிறேன். குடிபுகு சான்று இருந்தால்தான் மின்சாரம், குடிநீர் இணைப்புகள் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஆணையிட்டது. 2025இல் கர்நாடக அரசு 1,200 சதுர அடி வரையான மனைகளில் உள்ள வீடுகளுக்கு அந்தச் சான்றிலிருந்து விலக்கு அளித்தது. உங்கள் பக்கத்து மனை 600 சதுர அடிதான். ஆனால் அந்த விலக்கு தரைத்தளமும் இரண்டு மாடிகளும், அல்லது வாகன நிறுத்தத்துக்கு மேல் மூன்று மாடிகளும் கொண்ட வீட்டுக்கே உரியது. நான்காவது மாடி எழுந்தால் அது பொருந்தாது. இதைக் குறிப்பிட்டு மாநகராட்சிக்கும் மின் வழங்கல் நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள், அம்மா.

ஓய்வுபெற்ற பொறியாளர் மீண்டும்:

அம்மா, அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமென்ட் வைத்து இரு முனையிலும் ஒட்டி, தேதி எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். அன்றே அந்தச் சமையலறையைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள்.

அல்சூர்வாசி:

மிக்க நன்றி ஐயா. இன்று மாலையே கண்ணாடியை ஒட்டிவிடுகிறேன். கடிதங்கள் திங்கட்கிழமை தபாலில் போகும். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.