பதிவேற்றம் நடக்கும்போது குரல் ஏன் அறுபடுகிறது?

பெரியப்பா: நேற்றிரவு வீடியோ அழைப்பில் நான் பேசியது மீனாவுக்கு விட்டுவிட்டுத்தான் கேட்டதாம். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பை வைத்துக்கொண்டும் இப்படி நடப்பானேன்? செழியன்தான் நாள் முழுவதும் ரூட்டர்களோடு மல்லுக்கட்டுகிறவன், அவன் சொல்லட்டும்.

செழியன்: அந்த 100 பதிவிறக்கத்துக்கு உரியது, பெரியப்பா. உங்கள் குரல் வெளியே போவது பதிவேற்றப் பாதையில். அதன் வேகம் உங்கள் திட்டத்தில் 5 மெகாபிட்தான். அந்த நேரத்தில் வீட்டில் எதையாவது பதிவேற்றிக்கொண்டிருந்தீர்களா?

மீனா: அப்பா பழைய படங்களையெல்லாம் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். இதைப் பெருமையாக என்னிடமே சொன்னார், அதுவும் பாதிதான் கேட்டது.

செழியன்: அப்படியானால் காரணம் தெரிந்துவிட்டது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, பேச்சை எண்களாக மாற்றும் பழைய ஜி.711 முறையை எடுத்துக்கொள்கிறேன். அதில் பேச்சு 20 மில்லிநொடித் துண்டுகளாகி, 160 பைட் பேச்சும், போகவேண்டிய முகவரி முதலியவை அடங்கிய 40 பைட் தலைப்பும் கொண்ட பாக்கெட்டுகளாக நொடிக்கு 50 முறை கிளம்பும்; மொத்தம் 80 கிலோபிட்கூடத் தாண்டாது. ஆனால் படங்களின் பாக்கெட்டுகள் ஒவ்வொன்றும் 1500 பைட் வரை இருக்கும். அவை மோடத்தின் பஃபரில், அதாவது அனுப்பும்வரை காத்திருக்கும் நினைவிடத்தில், ஒரு மெகாபைட் அளவுக்குக் குவிந்துவிட்டால், பின்னால் வரும் குரல் பாக்கெட் ஏறத்தாழ 1.6 நொடி காத்திருக்க நேரும். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை.

அத்தை: தாமதமாக வந்தாலும் முழுதாக வந்தால் கேட்டுக்கொள்ளலாமே, செழியா?

செழியன்: முழுதாக வந்தாலும் சீராக வராது, அத்தை. ஒன்று 30 மில்லிநொடியிலும் அடுத்தது 400 மில்லிநொடியிலும் வரும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் ஜிட்டர் என்கிறோம். கேட்பவரின் செயலி சற்று நேரம் சேர்த்துவைத்து ஒலிக்கும் என்றாலும், தன் முறை கடந்து வந்த பாக்கெட்டை அது வீசிவிடும். படம் இரண்டு நொடி பிந்திப் போய்ச் சேர்ந்தால் யாருக்கும் நட்டமில்லை. பிந்திய சொல்லோ வராத சொல்தான்.

பெரியப்பா: குரலுக்கென்று வழியில் இடம் ஒதுக்கிவைக்க முடியாதா?

செழியன்: அந்த முயற்சியும் நடந்தது. 1997-இல் வெளியான ஆர்எஸ்விபி நெறிமுறை, வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரிலும் முன்பதிவு செய்யப் பார்த்தது. லட்சக்கணக்கான அழைப்புகளைத் தனித்தனியே நினைவில் வைப்பது நடுவிலுள்ள பெரிய ரூட்டர்களுக்குப் பெருஞ்சுமை என்பதால் அது பரவவில்லை. அடுத்த ஆண்டே வந்த டிஃப்சர்வ் முறை, பாக்கெட்டின் தலைப்பில் அதை எப்படி நடத்த வேண்டும் என்று காட்டும் 6 பிட் குறியீட்டை மட்டும் இடச் சொன்னது. குரலுக்கு வழக்கமாக 46. ஆனால் யார் வேண்டுமானாலும் 46 என்று எழுதிக்கொள்ளலாம் அல்லவா? அதனால் வெளியிலிருந்து வரும் குறியீட்டைப் பல நிறுவனங்கள் தம் எல்லையிலேயே அழித்துவிடுகின்றன.

மீனா: பிறகு 4ஜி அழைப்பு மட்டும் எப்படி நன்றாகக் கேட்கிறது?

செழியன்: அங்கே கோபுரம் முதல் மையம் வரை எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது, அக்கா. குரலுக்குத் தனித்தடம் திறந்து, 100 மில்லிநொடி வரம்பும் வைத்திருக்கிறார்கள். நம் வசம் இருப்பது வீட்டு ரூட்டர் ஒன்றுதான். பெரியப்பா, அமைப்புப் பக்கத்தில், பாக்கெட் வரிசையை நிர்வகிக்கும் எஸ்க்யூஎம் என்ற வசதி இருக்கிறதா?

பெரியப்பா: இருக்கிறது. கீழே எஃப்க்யூ-கோடல் என்று ஒன்றும் தெரிகிறது.

செழியன்: அதையே தேர்ந்தெடுத்து, பதிவேற்ற வேகத்தை 4.5 என்று இடுங்கள். உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைத்தால், வரிசை மோடத்தில் குவியாமல் உங்கள் ரூட்டரிலேயே நிற்கும். எஃப்க்யூ-கோடல் முறையில் குரலும் படமும் தனித்தனி வரிசையில் மாறிமாறிப் போகும். படங்கள் ஏறுவது கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான்.

மீனா: இப்போது படங்களை ஏற்றிக்கொண்டே அப்பா அரை மணி நேரம் பேசினார். ஒரு சொல்கூட விடுபடாததால், எல்லாவற்றையும் நான் கேட்டுத் தீர வேண்டியதாயிற்று.