செடி வளர்க்குறது மனசுக்கு உண்மையாவே உதவுமா? 8 வயசு பையன், பக்கவாதம் வந்த மாமனார், ஒரே ஒரு பால்கனி

ஜன்னலோரம்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்பதான் முதல் தடவையா கேக்குறேன், நீளமா இருந்தா பொறுத்துக்கோங்க. வீட்டுல ரெண்டு பேர பத்தி கவலை. ஒண்ணு என் பையன், 8 வயசு, 5 நிமிஷம் ஒரு இடத்துல உக்கார மாட்டான், கவனக்குறைவுன்னு டாக்டர் சொல்லி தெரபி போயிட்டு இருக்கோம், அது ஓரளவு நல்லாத்தான் போகுது. இன்னொருத்தர் மாமனார். பக்கவாதம் வந்து 7 மாசம் ஆச்சு, நடக்குறார், ஆனா இடது கை இன்னும் முழுசா வரல, பேச்சே கொறஞ்சு போச்சு, டிவி பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும், அத பாக்குறாரான்னு கூட தெரியாது. கைக்கு எக்சர்சைஸ்னு சொன்னாலே "நாளைக்கு பாக்கலாம்மா"ன்னு முகத்த திருப்பிக்குவார்.

தோட்ட வேலை ரெண்டு பேருக்குமே நல்லதுன்னு பல பேர் சொல்றாங்க. எங்ககிட்ட தோட்டமெல்லாம் கிடையாது, அரை நாள் வெயில் விழுற ஒரு பால்கனி, அவ்ளோதான். போன வருஷம் ஒரு தடவை ட்ரை பண்ணி மானம் போச்சு. 10 வகை விதை வாங்கி எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டோம், முளைச்சது ரெண்டே ரெண்டு, அதையும் பையன் பாசத்துல ஒரு நாளைக்கு ஆறேழு தடவை தண்ணி ஊத்தி அழுகவச்சுட்டான். "நான் தொட்டா எல்லாமே செத்துடுதும்மா"ன்னு அன்னிக்கு அழுதான் பாருங்க, அதுக்கப்புறம் அந்த தொட்டிய பாத்தாலே எனக்கு வயித்த பெசையுது, தூக்கி ஒரு மூலையில கவுத்து வச்சுட்டேன்.

இது வேலைக்காகுமா, எதுல ஆரம்பிக்குறது, திரும்ப செடி செத்தா அவன்கிட்ட என்ன சொல்றது? அனுபவம் இருக்குறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

முள்ளங்கி ரசிகை:
10 வகைய ஒரே நாள்ல போட்டா எனக்கே ஒண்ணும் வராது சிஸ், பையன சொல்லி என்ன பண்ண 😄 முள்ளங்கி போடுங்க, சின்னதா உருண்டையா சிவப்பா வர்ற வகை. 3லேர்ந்து 5 நாள்ல தலை காட்டும், ஒரு மாசத்துக்குள்ள பிடுங்கிடலாம், இந்த வயசு பசங்களோட பொறுமைக்கு அதுதான் கணக்கு. தக்காளியெல்லாம் விதை போட்டு காய் பாக்குறதுக்குள்ள அவனுக்கு பொறந்தநாளே வந்துடும். ஒண்ணே ஒண்ணு, நெருக்கமா தூவிட்டு அப்புறம் கலைச்சு விடணும்னு சொல்லாதீங்க, நல்லா இருக்குற நாத்த பிடுங்கி போடுறத என் பொண்ணு பாத்துட்டு ஒரு நாள் பூரா என்கூட பேசல. முதல்லயே ரெண்டு விரல் இடைவெளி விட்டு ஒவ்வொண்ணா போட வைங்க.

கைத்தொழில் (நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகள செய்ய பழக்கிவிடுற ஆள்):
அக்கா, முதல்ல ஒரு விஷயம் பிரிச்சு சொல்லிடுறேன். ஹார்டிகல்ச்சுரல் தெரபின்னு, அதாவது செடி வளர்க்குறதையே சிகிச்சையா குடுக்குறதுக்குன்னு, தனியா ஒரு துறையே இருக்கு, அமெரிக்காவுல அதுக்கான சங்கமே 1973லேர்ந்து ஓடுது, அதுல பயிற்சி எடுத்தவங்க ஒருத்தருக்கு என்ன முன்னேற்றம் வேணும்னு குறிச்சு வச்சு, அதுக்கேத்த வேலைய குடுத்து, எழுதி கணக்கு பாப்பாங்க. நீங்க வீட்டுல செய்யப்போறது அது இல்ல, ஆனா அதுல இருக்குற சூட்சுமத்த கடன் வாங்கிக்கலாம். என்ன செடின்னு யோசிக்குறத விட, இந்த ஆளுக்கு எந்த வேலைன்னு யோசிங்க, அவ்ளோதான் சூட்சுமம்.

பையனுக்கு வருவோம். அவன் ஆறு தடவை தண்ணி ஊத்தினான்னா அவனுக்கு ஆறு தடவை செடிகிட்ட போகணும்னு இருந்திருக்கு, அங்க போனா செய்யுறதுக்கு தண்ணிய தவிர வேற வேலை இல்ல. அதனால வேலைய கூட்டுங்க, தண்ணிய கொறைங்க. ஸ்கேல் வச்சு உயரம் அளந்து எழுதட்டும், இலைய எண்ணட்டும், பேர் எழுதி குச்சியில ஒட்டட்டும், தொட்டிய வெயில் பக்கம் திருப்பி வைக்கட்டும். தண்ணிக்கு ஒரே ரூல், விரல ரெண்டாவது கணு வரைக்கும் மண்ணுல விடணும், ஈரம் ஒட்டுச்சுன்னா இன்னிக்கு லீவு. அந்த "விரல் விட்டு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணு" இருக்கே, அவன மாதிரி டக்குனு பாயுற பசங்களுக்கு ஒரு நொடி நின்னு யோசிக்க அதுவே நல்ல பழக்கம், நாங்க டேபிள்ல உக்காத்தி வச்சு வேற வழியில சொல்லித்தர்றதும் அதேதான்.

செத்தா என்ன சொல்றதுன்னு கேட்டீங்க. நடந்தத அப்படியே சொல்லுங்க. "நீ தொட்டதால சாகல, மண்ணு பூரா தண்ணி நின்னுச்சு, வேருக்கு காத்து போக எடமில்லாம அழுகிடுச்சு"ன்னு செத்த செடிய வெளிய எடுத்து அந்த வேர காட்டுங்க. அழுகின வேர் பழுப்பா கொழகொழன்னு இருக்கும், நல்ல வேர் வெள்ளையா விறைப்பா இருக்கும். காரணத்த கண்ணால பாத்துட்டான்னா "நான்தான் கெட்டவன்"ங்குற எண்ணம் தானா எறங்கும். "பரவால்லடா வேற வாங்கிக்கலாம்"னு மட்டும் அவசரப்பட்டு சொல்லாதீங்க.

பீன்ஸ் விதையும் வைங்க. கண்ணாடி டம்ளர் உள்பக்கமா டிஷ்யூ பேப்பர சுத்தி நனைச்சு, கண்ணாடிக்கும் பேப்பருக்கும் நடுவுல விதைய சொருகுங்க, முங்க முங்க தண்ணி விடக்கூடாது. சில நாள்ல வேர் கீழ எறங்கும். அப்ப டம்ளர பக்கவாட்டுல படுக்க வைக்க சொல்லுங்க, மறுநாள் பாத்தா வேர் முழங்கை மாதிரி மடங்கி திரும்ப தரைய பாத்து போயிருக்கும். என்கிட்ட வர்ற ஒரு குட்டி அத பாத்துட்டு "அதுக்கு எப்படி தெரியும் அதுக்கு எப்படி தெரியும்"னு டம்ளர நாலு நாளா திருப்பி திருப்பி வச்சு வேர ஒரு ஸ்பிரிங் மாதிரி ஆக்கி வச்சிருந்தான்.

இப்ப மாமனார். அவர்கிட்ட எக்சர்சைஸ்ங்குற வார்த்தையே வேண்டாம். உதவி கேளுங்க. "பையனுக்கு மண்ணு கலக்க தெரியல, கொஞ்சம் பாருங்க மாமா"ன்னு. கோகோபீட் (தேங்கா நார் தூள்) கட்டிய ஒரு அகலமான டப்பால போட்டு தண்ணி ஊத்தினா உப்பி வரும், அந்த ஈரக்கட்டிய விரலால உதுத்து விடுறது இடது கைக்கு அருமையான வேலை, அழுத்தம் குடுக்கணும் ஆனா வலிக்காது. ஸ்ப்ரே பாட்டில் அமுக்குறது இன்னொண்ணு. எல்லாமே டேபிள் மேல, அவர் உக்காந்தபடி. வலது கை வேலை செய்யுறப்ப இடது கை தொட்டிய அணைச்சு பிடிக்கட்டும், அந்த கைக்கும் ஒரு பொறுப்பு வேணும். முதல்ல பீன்ஸ், சூரியகாந்தி மாதிரி பெரிய விதை, கை தேற தேற சின்ன விதை. கரண்டி பிடிக்க கஷ்டமா இருந்தா கைப்பிடியில பஞ்சு டேப் சுத்தி தடிமனாக்குங்க. பக்கவாதத்துல இடது கை வராம போனவங்கள்ல சில பேருக்கு இடதுபக்கம் இருக்குற பொருளே கவனத்துக்கு வராது, கண்ணு நல்லா தெரியும், ஆனா மூளை அந்த பக்கத்த விட்டுடும். தட்டுல இடதுபக்க சாப்பாடு மிச்சம் ஆகுதான்னு பாருங்க, ஆகுதுன்னா அவருக்கு பிடிச்ச தொட்டிய இடதுபக்கமா வைங்க, தேடி திரும்புவார். 15 நிமிஷம் போதும், பக்கவாதத்துக்கு அப்புறம் அசதி நாம நெனைக்குறத விட சீக்கிரம் வரும், அவர் அசந்து போறதுக்கு முன்னாடியே நிறுத்திடுங்க. தோள் வலி இருந்தா பிசியோகிட்ட கேக்காம கைய தூக்குற வேலை எதுவும் வேண்டாம்.

தொட்டி மட்டும் ஆளுக்கு ஒண்ணு தனித்தனியா இருக்கட்டும். பொதுத்தொட்டி வச்சா கடைசில நீங்கதான் வளர்ப்பீங்க.

சந்தேகப்பேர்வழி:
நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. செடி வச்சா டிப்ரஷன் போயிடும், மண்ணுல இருக்குற பாக்டீரியா சந்தோஷம் குடுக்கும்னு ஷேர் பண்ணி தள்றாங்க, அந்த பாக்டீரியா விஷயம் எலிகள்ல பாத்தது, அத வச்சு மனுஷனுக்கு வாக்கு குடுக்க முடியாது. ஆனா முழுசா கப்சாவும் இல்ல. 1984ல ரோஜர் உல்ரிச்னு ஒருத்தர் பித்தப்பை ஆபரேஷன் ஆன 46 பேரோட ரெக்கார்ட ஒப்பிட்டு பாத்தார், ஜன்னல் வழியா மரம் தெரிஞ்சவங்க, செங்கல் சுவர் மட்டும் தெரிஞ்சவங்கள விட கொஞ்சம் சீக்கிரமா வீட்டுக்கு போயிருக்காங்க, பவரான வலி மருந்தும் கம்மியா எடுத்திருக்காங்க. அது வெறுமனே பாக்குறது. கை வச்சு வேலை செய்யுறதுக்கு 2011ல நெதர்லாந்துல ஒண்ணு வந்துச்சு, 30 பேருக்கு வேணும்னே டென்ஷன் ஏத்திவிட்டு, பாதி பேர அரை மணி நேரம் தோட்ட வேலைக்கும் மீதி பேர உள்ள உக்காந்து படிக்கவும் விட்டாங்க. ரெண்டு குரூப்புக்கும் கார்டிசால்ங்குற டென்ஷன் ஹார்மோன் எறங்குச்சு, தோட்டத்துல இருந்தவங்களுக்கு கூடுதலா எறங்குச்சு, மூடும் பழையபடி திரும்பிடுச்சு. ஆனா அந்த 30 பேருமே ஏற்கனவே சொந்தமா தோட்டம் வச்சிருந்தவங்க! செடின்னாலே கடுப்பாகுற ஆளுக்கு இது பொருந்துமான்னு அதுல தெரியாது. உங்க மாமனார் முன்னாடி செடி கொடின்னு ஆர்வமா இருந்தவரா? இல்லைன்னா பிடிவாதமா திணிக்காதீங்க, ரேடியோ ரிப்பேரோ சீட்டாட்டமோ அவருக்கு எது பிடிக்குமோ அதுல கைய ஓட விடுங்க.

மண்புழு:
மேல சொன்னதுக்கு என் கதைய சேத்துக்கோங்க. ரெண்டு வருஷம் முன்னாடி நான் படுக்கைய விட்டு எழும்பாத நிலைமையில இருந்தேன், மாத்திரை கவுன்சலிங் எல்லாம் உண்டு, இப்பவும் மாத்திரை உண்டு, செடி அத நிறுத்தல. ஃப்ரெண்டு ஒருத்தன் ஆர்வக்கோளாறுல 12 செடி கொண்டாந்து வச்சுட்டு போனான், தண்ணி ஊத்த தெம்பில்லாம ஒவ்வொண்ணா காஞ்சு போச்சு, அத பாத்து பாத்து இன்னும் கேவலமா ஃபீல் ஆச்சு. மிஞ்சினது பாட்டில் தண்ணியில கிடந்த ஒரு மணி பிளான்ட் துண்டு. ஞாயித்துக்கிழமை தண்ணி மாத்தணும், வாரத்துக்கு அது ஒண்ணுதான் நான் ஒப்புக்கிட்ட வேலை. ஒரு நாள் பாட்டில வெளிச்சத்துல தூக்கி பாக்குறேன், கணுவுல வெள்ளையா ஒரு முனை, பல்லு முளைக்குற மாதிரி. அன்னிக்கு சும்மா பாட்டில கழுவி வைக்கலாம்னு போனவன் சிங்க்ல கிடந்த பாத்திரத்தையும் கழுவிட்டேன், ஏன்னு கேட்டா தெரியாது. அதனால ஆளுக்கு ஒரு தொட்டியோட நிறுத்துங்க சிஸ், நல்லெண்ணத்துல நெறைய வச்சுடாதீங்க.

நைட் ட்யூட்டி நர்ஸ்:
மணி பிளான்ட்னதும் ஞாபகம் வந்துச்சு, அத வாயில வச்சா எரியும், டீஃபன்பேக்கியான்னு வீட்டுக்குள்ள அழகுக்கு வைக்குற செடி இன்னும் மோசம், நாக்கு வீங்கிடும். அரளி, ஊமத்தை, ஆமணக்கு விதை இதெல்லாம் குழந்தை இருக்குற வீட்டுல தொடவே வேண்டாம். மறதி நோய் இருக்குற பெரியவங்களும் கையில கிடைக்குறத வாயில போடுவாங்க, அவங்களுக்கு புதினா மாதிரி தின்னாலும் பரவால்லங்குற செடியா வைங்க, கசக்கி மோந்து பாக்கவும் நல்லா இருக்கும். பாக்கெட் மண்ணு, உரம் பிரிக்குறப்ப முகத்துகிட்ட வச்சு பிரிக்காதீங்க, லேசா தண்ணி தெளிச்சுட்டு கிளறுங்க, அதுல லெஜியோனெல்லான்னு நுரையீரல பாதிக்குற கிருமி இருக்கலாம். டெட்டனஸ் ஊசி ரெண்டு பேருக்கும் போட்டிருக்கான்னு பாருங்க. மாமனாருக்கு பிரஷர் மாத்திரை இருந்தா குனிஞ்சு டக்குனு நிமிரக்கூடாது, தலை சுத்தும். தொட்டி தட்டுல தண்ணி தேங்க விடாதீங்க, கொசு.

ஜன்னலோரம்:
அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் நன்றி. மாமனாருக்கு செடி ஆர்வமெல்லாம் இருந்தது இல்ல, ஆனா அவர் வேலை பாத்தப்ப ஸ்டோர் கீப்பர், எது எங்க எத்தனைன்னு எழுதி வைக்குற ஆள். அதனால கணக்கு நோட்ட அவர்கிட்ட குடுத்தேன், பையன் அளந்து சொல்லணும், தாத்தா எழுதணும். முதல் வாரம் ஒண்ணும் எழுதல, நோட்டு அப்படியே கிடந்துச்சு, நானும் வாய மூடிக்கிட்டேன். எட்டாவது நாள் பையன் 4 சென்டிமீட்டர்னு கத்துறான், இவர் உள்ளேர்ந்து "நேத்தே நாலுதானடா சொன்ன, ஸ்கேல சைபர்ல வச்சியா ஒண்ணுல வச்சியா"ன்னு கேட்டுக்கிட்டே எழுந்து வர்றார். கோகோபீட் உதுக்குறது இப்ப தினமும் நடக்குது, இடது கட்டை விரல் முன்ன விட மடங்குதுன்னு பிசியோவும் சொன்னாங்க, இதனாலதானான்னு எனக்கு தெரியாது. சாப்பாட்டு தட்டு பாத்தேன், இடதுபக்கம் மிச்சம் ஆகல, நல்லவேளை.

பையன் இன்னும் 5 நிமிஷம் உக்கார மாட்டான்தான். ஆனா விரல் ரூல் நல்லா ஒட்டிக்கிச்சு, என் காபி டம்ளர்ல கூட விரல் விட்டு பாக்குறான். முள்ளங்கி 9 வந்துச்சு, அதுல ஒண்ணு மட்டும் ரெண்டு காலோட பேன்ட் போட்ட மாதிரி வந்திருக்கு, அத வெட்ட விடாம ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கான். ஒரு சந்தேகம், ரெண்டாவது ரவுண்டுல போட்ட 3 சூரியகாந்தி 8 நாளாச்சு, இன்னும் வரல. தோண்டி பாக்கட்டுமான்னு கேக்குறான், தாத்தா கூடாதுங்குறார், வீட்டுல சண்டை.

முள்ளங்கி ரசிகை:
தாத்தா கட்சிதான் 😄 இன்னும் ஒரு வாரம் விடுங்க. வரலைன்னா ஒண்ணே ஒண்ண மட்டும் தோண்டட்டும், மிச்சம் ரெண்டு தாத்தா பொறுப்புல இருக்கட்டும்.