ஜிலேபி மீன் வயிற்றில் என்ன இருந்தது? நொய்யல், பவானிப் பக்கத்து அனுபவங்கள்

சென்னிமலைக்காரன்:

கடல் நம் ஊரிலிருந்து எங்கேயோ இருக்கிறது. ஆனால் கழிமுகத்து மீன் ஒன்று நொய்யலில் குடியேறி ரொம்ப வருசமாச்சு. ஜிலேபி மீனைத்தான் சொல்கிறேன். தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆறுகளும், அவை கடலில் கலக்கும் இடங்களும்தான் அதன் சொந்த ஊர். குளங்களில் வளர்க்கலாம் என்று 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து தப்பி, ஆறு, குளம், அணை என்று எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

கழிமுகத்தில் உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் மாறி மாறி வரும். அதில் பிழைக்கப் பழகிய மீன், கடலைவிட உப்பான தண்ணீரையும் தாங்கும். திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய காலத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாயம் ஏற மூட்டை மூட்டையாகப் போட்ட உப்பு அத்தனையும் ஆற்றோடு வந்தது. எங்கள் அப்பாரு பிடித்த ஆரா, அயிரை எதுவும் அப்போது என் கண்ணில் படவில்லை. கீழே தேங்கிய குட்டைகளில் ஜிலேபி மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு திரிந்தது. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகளை மூடிய பிறகுதான் தண்ணீரின் நிறம் கொஞ்சம் மாறியது.

மீனை அறுத்தால் குடலைப் பிரித்துப் பார்க்காமல் வீச மாட்டேன். விரால் குடல் நீளம் குறைவாக இருக்கும். வயிற்றில் சின்ன மீனோ தவளையோ கிடக்கும். ஜிலேபியின் குடல் நூல்போல் மெலிசு, பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருக்கும், மீனின் நீளத்தைப்போலப் பல மடங்கு. உள்ளே கரும்பச்சைக் களிம்பு. விரலில் தேய்த்தால் மண் நறநறக்கும். பாசியும் மக்கிய சேறும்தான் அதன் அன்றாடச் சாப்பாடு. செவுளுக்குப் பின்னால் தொண்டையில் விரலை விட்டுப் பாருங்கள், அரம் மாதிரி சொரசொரப்பான பல் தட்டு தட்டுப்படும். அதில் அரைபட்டுப் போவது இரைப்பைக்கு. அங்கே ஊறும் அமிலம் ரொம்பக் கடுமை, பி.எச். 2-க்கும் கீழே இறங்கும். மற்ற மீன்கள் பலவற்றுக்குச் செரிக்காத நீலப்பச்சைப் பாசியையும் அது உடைத்துவிடும். சாக்கடை கலந்து பச்சையாகிப்போன குளத்தில் வேறு மீனுக்கு இரை இல்லாதபோது, ஜிலேபிக்கு மட்டும் விருந்து.

அது மற்ற மீனைத் தின்று அழிக்கிறது என்பார்கள். அதைவிடப் பெரிய கெடுதல், எல்லாருக்கும் அடிப்படையான இரையை அது முதலில் வாரிக்கொள்வதுதான் என்பது என் எண்ணம். கரையோரம் குழி பறித்து, அந்த இடத்துக்கு வேறு மீனை அண்டவிடாமல் ஆண் மீன் விரட்டுவது தனிக் கதை.

பவானிசாகர் அக்கா:

தம்பி சொல்வது பெரிய மீனுக்குச் சரிங்க. நாங்கள் அணைப் பக்கத்தில் மீன் வறுத்து விற்கிறோம், பொழுதன்னிக்கும் அருவாமனையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். விரல் நீளக் குட்டிகளின் வயிற்றில் பச்சை கம்மி. கொசுப்புழுவும் சின்னச் சின்ன தண்ணீர்ப் பூச்சிகளும்தான் இருக்கும். வளர வளரத்தான் பாசிக்கு மாறுகிறது. மாறினாலும் பழசை விடுவதில்லை. பையன்கள் தூண்டிலில் பாசியைச் சுற்றிப் போட்டாலும் கடிக்கும், மண்புழு போட்டாலும் கடிக்கும். புதுத்தண்ணீர் வந்து கெண்டை முட்டை போடும் சமயத்தில், ஜிலேபி வயிற்றில் மீன் முட்டையையும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கெல்லாம் மனசு கேட்காது.

ஒரு தடவை பரிசல்காரர் உயிரோடு கொண்டுவந்த மீனை வாளியில் போட்டேன். வாயைத் திறந்தது, கண்ணும் வாலும் மட்டும் தெரிகிற குஞ்சுகள் பொலபொலவென்று தண்ணீரில் கொட்டின. தாய்தான் முட்டையை வாயில் வைத்துப் பொரிக்கும், குஞ்சையும் அங்கேயே காக்கும். அறுத்தால் குடல் வெறும் காகிதம்போல் ஒட்டிக் கிடந்தது. குஞ்சு வாயில் இருக்கிறவரைக்கும் அது சரியாகச் சாப்பிடாதாம். சாப்பாட்டை விட்டுவிட்டுப் பிள்ளை வளர்க்கிற மீனை வலை போட்டு ஒழிக்க முடியுமா, சொல்லுங்க. சின்னக் கண் வலையால் அலசினால் நம்ம ஊர்க் குஞ்சுகள்தான் முதலில் போகும்.

சூலூர்:

எங்கள் குளத்தில் ஜிலேபிக்குப் போட்டியாக டேங்க் கிளீனர் வந்துவிட்டது. வீட்டுத் தொட்டியில் பெரிசானதும் யாரோ கொண்டுவந்து விட்டிருப்பார்கள். தென் அமெரிக்க மீன். உடம்பெல்லாம் எலும்புத் தகடு, அடிப்பக்கம் உறிஞ்சும் வாய். கல்லில் ஒட்டிப் பாசியைச் சுரண்டித் தின்னும், கரையைக் குடைந்து வளை போடும். தங்கூசி வலையில் மாட்டினால் முள்ளை எடுப்பதற்குள் வலை கிழிந்துபோகும். அதற்கு விலையும் கிடையாது. குளத்துக்கு வரும் கூழைக்கடா ஜிலேபியை அள்ளி விழுங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டேங்க் கிளீனரை அது தொட்டு நான் பார்த்ததில்லை.

கொடிவேரி:

ஆப்பிரிக்கக் கெளுத்தியை விட்டுவிட்டீர்களே. 2000-லேயே அரசு தடை செய்தது, இன்னும் கோழிக் கழிவைப் போட்டு மறைவாக வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளத்தில் குட்டை உடைந்தால் நேராக ஆறுதான். போன மழைக்குப் பிறகு பவானியில் எனக்கு ஒன்று மாட்டியது. வயிற்றில் இறால், நத்தை ஓடு, பாதி செரித்த ஒரு கெண்டை, கூடவே கோழி இறகு.

சென்னிமலைக்காரன்:

இறகு இருந்ததென்றால் பண்ணையிலிருந்து தப்பி ரொம்ப நாள் ஆகியிருக்காது. எந்தக் குட்டை என்று விசாரித்து மீன்வளத் துறைக்கு எழுதிப் போடுங்கள். அக்கா, ஜிலேபியை வலை போட்டு ஒழிக்க முடியுமா என்று கேட்டீர்களே, வலையைவிட விராலைத்தான் நம்பலாம் என்பது என் எண்ணம்: எங்கள் ஊர்க் குட்டையில் வளர்ந்த விரால்கள் இருக்கின்றன, அங்கே ஜிலேபிக் குஞ்சு கூட்டமாகத் தெரிவதே இல்லை. போன வாரம் அறுத்த விரால் வயிற்றில் ஜிலேபிக் குஞ்சுகள்தான் இருந்தன. பக்கத்துக் குட்டையில் விராலை முழுக்கப் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள், அங்கே உள்ளங்கை அளவு ஜிலேபியாகவே மொய்க்கிறது.