சொம்மில் ஏழு நாள் அடித்தும் அறுபடாத முள்கம்பி, கம்ப்ரேயில் ஒரே காலையில் எப்படித் திறந்தது?

கொழிஞ்சாம்பாறை வாசகன்:

எங்க ஊர் வாசகசாலையில் முதல் உலகப்போர் பற்றி நாலு ஞாயிற்றுக்கிழமை பேச்சு வைத்திருக்கிறோம். மூன்றாவது வாரம் பீரங்கி. தமிழ் மீடியத்தில் பத்தாவது, பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். அதில் ஒரு முடிச்சு அவிழ மாட்டேன் என்கிறது.

1916 ஜூலை 1, பிரான்ஸில் சொம் ஆற்றுப்பகுதி. அதற்கு முன் ஏழு நாள் பிரிட்டிஷ் பீரங்கிகள் ஜெர்மானிய அரண்கள்மேல் சுமார் 15 லட்சம் குண்டு போட்டன. ஆனாலும் பல இடங்களில் முள்கம்பி அப்படியே நின்றது. எந்திரத் துப்பாக்கிகளும் அப்படியே இருந்தன. அந்த ஒரு நாளில் பிரிட்டிஷ் தரப்பில் இழப்பு 57,470 பேர், அதில் உயிரிழந்தவர்கள் மட்டும் 19,240.

1917 நவம்பர் 20, அதே பிரான்ஸில் கம்ப்ரே. முந்தின நாள்கூட அடிக்கவில்லை. விடியற்காலை 6.20க்குச் சுமார் ஆயிரம் பீரங்கி ஒரே சமயத்தில் முழங்கியது. சாயங்காலத்துக்குள் சில இடங்களில் 8 கிலோமீட்டர் வரை முன்னேறிவிட்டார்கள்.

பாடப்புத்தகம் "டாங்கி வந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. டாங்கி 1916 செப்டம்பர் 15-லேயே சொம்முக்கு வந்தாச்சே! அப்போது ஏன் திறக்கவில்லை? பீரங்கிப் பக்கம் உண்மையில் என்ன மாறியது? கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிற அளவுக்கு விவரம் வேண்டும்ங்க.

குப்பம் கல்:

முதலில் அந்தக் குண்டுக்குள் என்ன இருந்தது என்று பாருங்க சார். பாதி விடை அங்கேயே இருக்கிறது.

பிரிட்டிஷ்காரர்களிடம் அதிகமாக இருந்தது 18-பவுண்டர் பீரங்கி. குழல் விட்டம் 84 மில்லிமீட்டர், குண்டு எட்டு கிலோவுக்குச் சற்று மேல். சொம்மில் அது போட்டதில் பெரும்பகுதி ஷ்ராப்னல். மெல்லிய எஃகுக் கூடு, உள்ளே சுமார் 375 ஈய உருண்டை, அடியில் கொஞ்சம் கருமருந்து, மூக்கில் நேரம் வைக்கும் ஃபியூஸ், அதாவது குண்டை வெடிக்க வைக்கும் கருவி. வைத்த நேரம் வந்ததும் அடிமருந்து பற்றி, உருண்டைகளை முன்பக்கமாகத் தள்ளும். கூடு சிதறாது. நடுவானத்தில் யாரோ ரவை சிதறும் துப்பாக்கியைச் சுட்ட மாதிரி என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

வெட்டவெளியில் நடந்து வருகிற ஆட்களுக்கு அது எமன். 6 முதல் 9 மீட்டர் ஆழத்தில், சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து உட்கார்ந்திருந்த ஜெர்மானியர்களுக்கு அது மேலே பெய்கிற மழை. கம்பியை அறுக்கவும் முடியும்தான். ஆனால் குண்டு கம்பிக்குச் சற்று முன்னால், தரைக்குக் கிட்டத்தில் வெடிக்க வேண்டும். குண்டு அந்த இடத்தில் விநாடிக்குச் சுமார் 300 மீட்டர் வேகத்தில் வருகிறது. ஃபியூஸ் அரை விநாடி தப்பினால் 150 மீட்டர் தள்ளிப் போயிற்று.

சரி, ஷ்ராப்னலுக்குப் பதில் கூடே வெடித்துச் சிதறுகிற வெடிமருந்துக் குண்டு போட்டிருக்கலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். அன்றைய ஃபியூஸ் மண்ணுக்குள் புதைந்த பிறகுதான் வெடிக்கும். எங்க பக்கம் கல்குவாரி பார்த்தவர்களுக்கு இது கைப்பாடம். குழி போட்டு, மருந்து வைத்து, மண் அடைத்து வெடித்தால் பாறை பெயரும். மேலே வைத்து வெடித்தால் சத்தமும் காற்றும் பக்கவாட்டில் போகும், பாறை அசையாது. முள்கம்பிக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை. சொம்மில் கிடைத்தது முதல் வகை. தரையில் பள்ளம் விழுந்தது, கம்பி மேலே கிளம்பி இன்னும் சிக்கலாகி அதே இடத்தில் விழுந்தது.

இதைத் தீர்த்தது 106-ஆம் எண் ஃபியூஸ். மூக்கில் ஒரு சுத்தியல் தலை, அதன் கழுத்தில் சுற்றிய நாடா, நாடா நுனியில் சிறு எடை. குண்டு குழலை விட்டு வெளியே வந்து சுழலும்போது நாடா தானாக அவிழ்ந்து போகும். அதன்பின் தரையோ கம்பியோ தொட்ட மாத்திரத்தில் வெடிக்கும். பள்ளம் விழாது, சில்லுகள் தரையோடு தரையாகச் சீவிக்கொண்டு போகும். 1917 ஏப்ரல் அராஸ், விமி சண்டைகளில் இது நிறையப் புழங்கியது.

இன்னொன்று. 1915-இல் குண்டுப் பஞ்சம் வந்து, புதுத் தொழிற்சாலைகளை அவசரமாகப் பெருக்கினார்கள். சொம்மில் விழுந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று வெடிக்கவில்லை என்பது வழக்கமாகச் சொல்லும் மதிப்பு. அங்கே உழவர்கள் ஏர் ஓட்டும்போது இன்றைக்கும் அவை வெளியே வருகின்றன.

வாளையார்க் காற்று:

குப்பம் அண்ணன் கம்பியைச் சொல்லிவிட்டார். அதைவிடப் பெரிய விஷயம் எதிரியின் பீரங்கிகள். மேட்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் நின்று, இரண்டு தரப்பு அகழிக்கும் நடுவே உள்ள வெளியில் வருகிற ஆட்களைக் கொன்றதில் அவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. அவற்றை வாயடைக்காமல் காலாட்படை போய்ச் சேராது.

1916 வரை பீரங்கி குறிபார்த்த விதம் இது. ஒரு குண்டு போடு, எங்கே விழுந்தது என்று பார், திருத்து, மறுபடி போடு. இதில் துல்லியம் கிடைக்கும், ஆனால் தாக்குதல் வரப்போகிறது என்று எதிரிக்கு நாமே தண்டோரா போட்ட மாதிரி. கம்ப்ரேயில் மாறியது இதுதான். சோதனைக் குண்டு ஒன்றுகூடப் போடாமல், கணக்குப் பார்த்து முதல் குண்டையே இலக்கில் போட்டார்கள்.

அந்தக் கணக்குக்கு என்னென்ன வேண்டும்? நம் பீரங்கி நிற்கும் இடம், நில அளவைக்காரர்கள் அளந்து வரைபடக் கட்டத்தில் குறித்தது. ஒவ்வொரு குழலின் தனிக்குணம்: குழல் தேயத் தேயக் குண்டின் வேகம் குறையும், கிட்டத்திலேயே விழும். அதனால் பீரங்கிகளைப் பின்னால் கொண்டுபோய், குண்டு இரண்டு மின்திரைகளைக் கடக்கும் நேரத்தை வைத்து வேகம் அளந்தார்கள். அப்புறம் வானிலை: காற்றழுத்தம், வெப்பம், வெவ்வேறு உயரத்தில் காற்றின் திசையும் வேகமும் நாளுக்குப் பலமுறை தந்தியில் வரும். மருந்தின் சூடுகூடக் கணக்கில் சேரும்.

கடைசியாக, எதிரியின் பீரங்கி எங்கே? விமானப் படம், வெடிப்பொளியைப் பல கோணத்தில் பார்ப்பது இவற்றோடு, சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பதும் உண்டு. எனக்கு இந்தப் போரிலேயே மிகப் பிடித்த வேலை இது. லாரன்ஸ் பிராக் என்ற இளைஞர். 1915-இல் 25 வயதில் இயற்பியல் நோபல், அப்போது அவர் போர்முனையில் இருந்தார். அதே ஆண்டு தம்பியை கலிப்போலியில் இழந்தவர். பீரங்கி வெடித்த சத்தம் ஆறு மைக்ரோஃபோனுக்கு வெவ்வேறு நேரத்தில் வந்து சேரும். அந்த நேர வித்தியாசத்திலிருந்து இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், குண்டு ஒலியைவிட வேகமாகப் பறக்கும்போது காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு 'சடார்' எழும். மைக்ரோஃபோன் அதைத்தான் பிடித்தது. பீரங்கியின் வாயிலிருந்து வருகிற சத்தம் 'தும்' என்று மிகத் தாழ்ந்தது, காதுக்கே சரியாகக் கேட்காது. வில்லியம் டக்கர் என்பவர் தன் குடிசைச் சுவர் ஓட்டை வழியே, பீரங்கி முழங்கும்போதெல்லாம் குளிர்காற்று குப்பென்று முகத்தில் அடிப்பதைக் கவனித்தார். ஒரு பெட்டியில் ஓட்டை போட்டு, அதன் குறுக்கே மெல்லிய பிளாட்டினக் கம்பியைக் கட்டி மின்சாரத்தில் சூடேற்றினார்கள். தாழ்ந்த ஒலி வந்தால் காற்று உள்ளே வெளியே போய்வரும், கம்பி குளிரும், மின்தடை மாறும். 'சடார்' வந்தால் கம்பி அசட்டையாக இருக்கும். 1916-இல் இது வந்த பிறகுதான் இந்த முறை முழு வேலைக்கு வந்தது.

தவறுவது காற்றால். பிரான்ஸ், பெல்ஜியப் பக்கத்து மேற்குமுனையில் மேற்கிலிருந்து வீசும் காற்று அதிகம். அது பிரிட்டிஷ் பக்கத்திலிருந்து ஜெர்மானியப் பக்கம் வீசும், வருகிற சத்தத்தை எதிர்த்து மேலே தூக்கிவிடும். நம்ம பாலக்காட்டுக் கணவாயில் ஆடி மாதம் நின்று பார்த்தால் புரியும். ரயில் ஊதுவது கிழக்கே மதுக்கரைப் பக்கம் கேட்கிற தூரத்துக்கு மேற்கே கஞ்சிக்கோட்டுப் பக்கம் கேட்காது.

கொழிஞ்சாம்பாறை வாசகன்:

ரொம்ப நன்றிங்க. அப்படியானால் டாங்கிக்கு வேலையே இல்லையா? பிள்ளைகள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

நகரி மலை:

இருக்கிறது, ஆனால் ஒரே நாள் வேலை.

கம்ப்ரேயில் 476 டாங்கி கூடின, அதில் சண்டை டாங்கி 378. சொம்மில் முதல்முறை 49-தான் இருந்தது, புறப்படும் இடத்துக்கு வந்தது 32. கம்ப்ரேயில் டாங்கிகள் கம்பியை நசுக்கி வழி போட்டதால், கம்பி அறுக்க முன்கூட்டி அடிக்கும் தேவையே போயிற்று. ஹிண்டன்பர்க் அரண் என்ற ஜெர்மானியத் தற்காப்பு வரிசையின் அகழி டாங்கி தாண்ட முடியாத அகலம். அதற்குச் சுள்ளிக்கட்டு செய்தார்கள்: 3 மீட்டர் நீளம், சுமார் 1.4 மீட்டர் தடிமன், சங்கிலியால் இறுக்கியது, எடை ஒன்றரை டன்னுக்கு மேல். டாங்கியின் தலையில் சுமந்துபோய் அகழியில் உருட்டிவிட்டு அதன்மேல் ஏறிப் போனார்கள்.

ஆனால் அந்த முதல் நாளிலேயே 179 டாங்கி போயிற்று. இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிப் போடுங்க: எதிரி அடித்தது 65, இயந்திரக் கோளாறு 71, பள்ளத்தில் சிக்கியது 43. எதிரியைவிட இயந்திரமும் மண்ணும் சாய்த்ததுதான் அதிகம். 1918 ஆகஸ்ட் 8 அமியானிலும் இதே கதை. முதல் நாள் 414, அடுத்த நாள் 145, பிறகு 85, 38, ஆகஸ்ட் 12 அன்று ஓடக்கூடியவை 6. உள்ளே வெயிலுக்கும் புகைக்கும் ஆட்களே மயங்கி விழுந்தார்கள்.

போர் உத்தி என்று பார்த்தால் இங்கேதான் மையம். முன்வரிசையை உடைப்பது 1917-லேயே கைவந்துவிட்டது. உடைத்த பிறகு? தாக்குகிறவன் குண்டுக்குழி நிறைந்த நிலத்தில் நடந்து போகிறான், பீரங்கியைக் குதிரையும் ஆளும் இழுக்க வேண்டும். தடுக்கிறவன் துணைப்படையை ரயிலில் ஏற்றி மறுநாள் கொண்டுவந்து இறக்குகிறான். கம்ப்ரேயில் பத்தே நாளில், நவம்பர் 30-இல், ஜெர்மானியர்கள் திருப்பி அடித்துப் பிடித்த இடத்தில் பெரும்பகுதியைப் பறித்தார்கள். அவர்களுக்கும் அதே வினை வந்தது. 1918 மார்ச் 21-இல் ஐந்து மணி நேரத்தில் பத்து லட்சம் குண்டுக்கு மேல் போட்டு, இரண்டு வாரத்தில் சில இடங்களில் 60 கிலோமீட்டருக்கு மேல் போனார்கள். ஆனால் அமியான் ரயில் சந்திப்பு கைக்கு வரவில்லை, சோறும் குண்டும் பின்னால் தேங்கிவிட்டன.

1918 ஆகஸ்டில் நேசநாட்டுத் தளபதிகள் செய்தது எளிய காரியம், ஆனால் கற்க நாலு வருஷம் பிடித்தது. அமியானில் நாலு நாள் அடித்தார்கள், வேகம் குறைந்ததும் நிறுத்தினார்கள். ஆகஸ்ட் 21-இல் வடக்கே ஆல்பெர்ட் பக்கம் அடித்தார்கள். பிறகு இன்னொரு இடம். எதிரியின் துணைப்படை ரயிலில் ஓடி ஓடியே தேய்ந்தது. சோதனைக் குண்டு இல்லாமல் எங்கும் உடனே அடிக்க முடிந்ததால்தான் இப்படி இடம் மாற்ற முடிந்தது.

மூலத்தறா வயல்:

ஒரு இடைச்செருகல். பெல்ஜியத்தின் பாசண்டேலை விட்டுவிடாதீர்கள், நம்ம பாலக்காட்டுச் சித்தூர்ப் பிள்ளைகளுக்கு உடனே புரியும். 1917 ஜூலை 31-க்கு முன் அங்கே 40 லட்சத்துக்கு மேல் குண்டு போட்டார்கள். களிமண் தாழ்நிலம், வாய்க்காலும் வடிகாலும் இருந்ததால்தான் வயலாக இருந்தது. குண்டு வடிகால்களை உடைத்தது, ஆகஸ்ட் மழை மீதியைச் செய்தது. மடை உடைந்த வயலில் டாங்கி எப்படிப் போகும்? அதே டாங்கி, அதே வருஷம் கம்ப்ரேயின் காய்ந்த சுண்ணாம்பு மண்ணில் ஓடியது.

வாளையார்க் காற்று:

வாசகன் தம்பி, பிள்ளைகளை வைத்துச் செய்துகாட்ட ஒரு வழி. மூன்று போனில் ஒலிப்பதிவைத் தொடங்கி, மூன்றையும் ஒரே இடத்தில் வைத்து ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். அதுதான் பொது நேரக்குறி. பதிவை நிறுத்தாமல், அறுவடை முடிந்த வயலில் நேர்கோட்டில் 100 மீட்டருக்கு ஒன்றாக வையுங்கள். எங்கேயாவது ஒரு பட்டாசு வெடிக்கட்டும். கணினியில் மூன்று பதிவையும் கைதட்டலில் பொருத்தினால், பட்டாசு எந்தப் போனுக்கு எவ்வளவு தாமதம் என்று தெரியும்.

ஒரு உதாரணம். நம்ம ஊர் 30 டிகிரிச் சூட்டில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர். நடுப்போனுக்கு முதலில் கேட்டது, இடதுக்கு 0.018 விநாடி தாமதம், வலதுக்கு 0.143 விநாடி தாமதம் என்று வையுங்கள். தூரமாக்கினால் 6.3 மீட்டர், 50 மீட்டர். கட்டத்தாளில் இடதுபோனைச் சுற்றி 6.3 மீட்டர் வட்டம், வலதுபோனைச் சுற்றி 50 மீட்டர் வட்டம் போடுங்கள். நடுப்போன் வழியாகப் போய் இந்த இரண்டு வட்டத்தையும் வெளியே தொடுகிற பெரிய வட்டத்தைக் காம்பஸை நகர்த்தி நகர்த்தித் தேடுங்கள். அதன் மையம்தான் பட்டாசு: கோட்டிலிருந்து 150 மீட்டர், நடுப்போனுக்கு 40 மீட்டர் இடப்பக்கம்.

பக்கத்தில் பெரிய சுவர் இருந்தால் எதிரொலி குழப்பும், எப்போதும் முதல் முட்டலையே எடுங்கள். நூறில் ஒரு பங்கு விநாடி பிழைத்தால் தூர வித்தியாசம் மூன்றரை மீட்டர் தப்பும், பட்டாசின் இடம் அதைவிடவும் தள்ளிப் போகலாம். காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிடுங்கள், அப்புறம் கணவாய்க் காற்று கிளம்பிவிடும்.