மறுமொழி: செகண்டரி ஆர்கானிக் ஏரோசால் – தமிழில் என்ன?

வணக்கம்.

காற்றில் வளிமங்கள் வினைபுரிந்து உருவாகி மிதக்கும் கரிம நுண்துகள்களான 'செகண்டரி ஆர்கானிக் ஏரோசா'லுக்கு 'இரண்டாம்நிலைக் கரிமத் தூசிப்படலம்' என்ற முன்மொழிவைப் பார்த்தேன். கரிமம் சரி. மற்ற இரண்டும் இடிக்கின்றன.

தூசி என்றதும் தரையிலிருந்து கிளம்பிய மண்தான் நினைவுக்கு வருகிறது. இந்தத் துகளோ காற்றிலேயே பிறப்பது. பைன் மரங்கள் ஆல்ஃபா பைனீன் என்ற கரிமச் சேர்மத்தை வளிமமாக வெளியிடுகின்றன. காற்றிலுள்ள ஓசோனும் ஹைட்ராக்சில் என்ற வினைத்திறன் மிக்க உறுப்பும் அதை ஆக்சிஜனேற்றம் செய்ய, எளிதில் ஆவியாகாத சேர்மங்கள் உண்டாகித் துகளில் படிகின்றன. காடுகளின் மேல் தெரியும் நீல மூட்டத்துக்கு மரங்கள் விடும் ஆவிகளே காரணம் என்று தாவரவியலாளர் ஃபிரிட்ஸ் வென்ட் 1960இலேயே எழுதினார். 'இரண்டாம்நிலை' என்பதோ ஏதோ தரவரிசை போல ஒலிக்கிறது. ஆனால் பல இடங்களில் காற்றிலுள்ள கரிமத் துகளில் பெரும்பங்கு இதுதான்.

என் பரிந்துரை: புகைபோக்கியிலிருந்து துகளாகவே வருவது 'உமிழ் கரிம மிதவைத்துகள்', காற்றில் உருவாவது 'விளை கரிம மிதவைத்துகள்'. உமிழ்வு, விளைபொருள் இரண்டும் பாடநூல்களில் பழகியவை. நீளம் கொஞ்சம் அதிகம்தான். ஒரு கட்டுரையில் முதல்முறை முழுதாகச் சொல்லிவிட்டு, அப்புறம் 'விளைதுகள்' என்றே எழுதலாம்.

இதில் இன்னொரு வசதி, வினைபுரிந்த வளிமத்தில் எவ்வளவு துகளாகிறது என்னும் 'ஈல்டு' என்பதற்கு 'விளைச்சல்' தானாக வந்து பொருந்துகிறது. அந்த விளைச்சல் மாறிலி அன்று என்பதுதான் இந்தத் துகளைக் கணினியில் கணிக்கும் மாதிரியாக்கத்தின் சிக்கலே. ஒரு சேர்மத்தின் நிறைவுச் செறிவு (அது எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்பதன் அளவு) கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று வையுங்கள். காற்றில் ஏற்கெனவே 10 மைக்ரோகிராம் கரிமத் துகள் இருந்தால் அந்தச் சேர்மத்தில் பாதி துகளில் சேரும். 1 மைக்ரோகிராம்தான் என்றால் பதினொன்றில் ஒரு பங்கே சேரும். மிச்சம் வளிமமாகவே நிற்கும். காற்று நீர்த்தால் துகளில் சேர்ந்ததும் திரும்ப ஆவியாகலாம். தூசி ஆவியாகுமா?

அடுத்தது 'வொலட்டிலிட்டி பேசிஸ் செட்'. ஆயிரக்கணக்கான சேர்மங்களைத் தனித்தனியே கணக்கிட முடியாது. அதனால் வளிமண்டல வேதியியலாளர் டோனஹ்யூவின் குழுவினர் 2006இல் அவற்றை நிறைவுச் செறிவின்படி பத்துப் பத்து மடங்கு இடைவெளியில் தொகுத்தார்கள். 'பேசிஸ் செட்' என்பதற்குக் குவாண்டம் வேதியியலில் வழங்கும் 'அடிப்படைக் கணம்' இங்கே வேண்டாம். 'ஆவித்திறன் படிவரிசை' போதும், செய்வதும் அதுதானே. ஒரு சேர்மம் வளிமத்துக்கும் துகளுக்கும் இடையே பிரிந்து நிற்கும் 'பார்ட்டிஷனிங்' என்பதற்குப் 'பங்கீடு' என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன், ரேஷன் கடை வாடை அடித்தாலும். மேலானது இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.