பழைய மர லூர் (தூண்டிலில் கட்டும் போலி மீன்) சேர்ப்பவர்களே, மனசை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

ஏரிக்கரையான்:
நானே ஆரம்பிக்கிறேன். தென்மேற்கு மிச்சிகன், டொவாஜியாக் பக்கம், ஏரியை ஒட்டின ஒரு வீட்டில் கராஜ் சேல். லூர் செய்த ஹெட்டன் கம்பெனி பிறந்த ஊர் என்பதால் அங்கே எந்த கராஜ் திறந்திருந்தாலும் தலையை நீட்டுவது என் வழக்கம். மேசையில் சுத்தியல், பல்பு, ஓட்டை விழுந்த தோட்டக் குழாய், நடுவில் ஒரு தூண்டில் பெட்டி. மேல் தட்டைத் தூக்கினால் ஹெட்டனின் பழைய மர லூர், டொவாஜியாக் மின்னோ 150. ஐந்து ட்ரெபிள் கொக்கியும் (மூன்று முனைக் கொக்கி) அப்படியே. கண்ணாடிக் கண். முன்னும் பின்னும் இருந்த காற்றாடிகளில் பேர் பொறித்திருந்தது. பக்கவாட்டில் கொக்கி ஆடி ஆடி உரசின வளைகோடுகள்.

வீட்டுக்காரருக்கு எண்பது வயசு தாண்டியிருக்கும். என்ன விலை என்று கேட்டேன். "இதுவா? நல்லா ஓடுமே, பார்க்கிறாயா?" என்று என் கையிலிருந்து வாங்கி, சுவரில் சாய்ந்திருந்த ராடின் நரம்பில் முடிச்சுப் போட்டார். நான் "ஐயோ வேண்டாம் சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் படகுத்துறைப் பலகையில் போய் நின்று வீசிவிட்டார்! நூறு வருஷத்துச் சாமான், அடியில் என்ன பாறை இருக்கிறதோ, என்ன கட்டை கிடக்கிறதோ. அவர் பாட்டுக்குச் சுற்றுகிறார். தண்ணீருக்குக் கீழே ஒரு முழத்தில் காற்றாடி மின்னிக்கொண்டே வருகிறது. திரும்பத் திரும்ப வீசினார். அப்புறம் பனியன் ஓரத்தில் துடைத்துப் பெட்டிக்குள் போட்டு, "இன்னைக்கு மீன் கடிக்கல, இன்னொரு நாள் வா" என்றார். விலைப் பேச்சே வரவில்லை.

அது என்ன என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா? இன்னும் பிடிபடவில்லை.

ரைஸ்லேக் ராசன்:
நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். பீற்றர்பரோ பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. மேசைக்குப் பின்னால் வயசான ஒரு மனுசன், பக்கத்தில் சின்னப் பேரன். நான் எடுத்தது கிரீக் சப் கம்பெனியின் பைக்கி என்கிற லூர். வாயில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டில் 9-7-20 என்று பொறித்திருந்தது, 1920 ஆம் ஆண்டுச் சாமான். "ஒரிஜினல் பெயின்ற்" என்று அட்டை வேறு. ஆனால் செதில் கொஞ்சம் கூடுதலாகப் பளிச்சென்று இருந்தது. பொக்கற்றில் இருந்த யூவி டோர்ச்சை அடித்தேன், பிறகு பூசின பெயின்ற் என்றால் அந்த வெளிச்சத்தில் வேறுமாதிரித் தெரியும். வயிறு மங்கலாகக் கிடக்க, முதுகு மட்டும் தனியாக எரிந்தது.

நான் வாய் திறக்க முந்தி பெடியன் சொன்னான்: "முதுகு நான்தான் அடிச்சது! வலையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு ஸ்பிரே அடிக்க வேணும், எடுத்தால் செதில் வந்திருக்கும்." அவ்வளவு பெருமை அவனுக்கு. தாத்தாவின் காது இரண்டும் சிவந்துபோயின. மேசை விரிப்பில் இல்லாத சுருக்கத்தை இழுத்து இழுத்து நேராக்கினார். எனக்கு அவரில் கோபம் வரவேண்டும், வரவில்லை.

தக்கை:
ராசன் அண்ணா, ஒரு திருத்தம். 9-7-20 என்பது லூர் செய்த தேதி அல்ல, காப்புரிமை கிடைத்த தேதி. 1920 செப்டம்பர் 7. அந்த அச்சை அப்புறம் பல வருஷம் அடித்துக்கொண்டே இருந்தார்கள். இந்தத் தகட்டைக் காட்டி ஏமாற்றுகிறவர்கள் நிறைய. மேலே சொன்ன மிச்சிகன் பெரியவர் செய்தது என்னைக் கேட்டால் கொலை.

என் அனுபவம்: ஓஹாயோவில் ஒரு ஏலம். பெட்டியைத் திறந்தால் பாஸ்-ஒரேனோ என்கிற மர லூரின் முதுகில் ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக் தூண்டில் புழு உருகி ஒட்டியிருந்தது. விற்க வந்தவர் கட்டைவிரல் நகத்தால் நெம்பினார். சிவப்புத் தலை முழுசாகப் புழுவோடு உரிந்து வந்து, கீழே வெறும் மரம். கூட்டத்தில் யாரோ "ச்சூ" கொட்டினார்கள்.

இதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். 1949 இல் நிக் கிரீம் என்பவர் பிளாஸ்டிக் புழு செய்த நாளிலிருந்து மர லூருக்குப் பிடித்த சனி அது. அதை மிருதுவாக வைத்திருக்கும் ரசாயனம் பழைய பெயிண்டைக் கரைத்துவிடும். பெட்டி வாங்கின உடனே ஒட்டாத புழுவைத் தனியே எடுங்கள். ஒட்டினதை நகத்தால் உரிக்காதீர்கள். தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், மரம் உப்பினால் பெயிண்ட் வெடிக்கும். உப்புத்தாள் தொடவே கூடாது, அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள். கொக்கி துரு பிடித்திருந்தாலும் மாற்றாதீர்கள். கொக்கியைத் திருகின இடத்தில் பித்தளைக் கிண்ணமா, எல் வடிவக் கம்பியா, இரட்டைத் தகடா என்று பாருங்கள். ஹெட்டனில் காலம் சொல்வது அதுதான். கண்ணாடிக் கண் என்றதும் மயங்காதீர்கள், கண்ணை மாற்றுவதும் நடக்கிறது. வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். யூவி டோர்ச்சைக் கடையில் அடிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை.

ஏரிக்கரையான்:
தக்கை சார், பராமரிப்புக்கு இங்கே ஏற்கெனவே தனித் திரி இருக்கிறது, அதுவும் நீங்கள் ஆரம்பித்ததுதான். அப்புறம் அந்தப் பெரியவரைக் கொலைகாரர் என்பது அநியாயம். 1932 இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ் மீன் பிடித்தாரே, கிரீக் சப் லூரில்தானே? அதைக் கண்ணாடி அலமாரியிலா வைத்திருந்தார்?

தக்கை:
பெர்ரி அந்தக் காலத்தில் கடையில் விற்ற லூரை வீசினார். நூறு வருஷத்து லூரை வீசவில்லை. வித்தியாசம் இருக்கிறது.

செதில்:
சண்டை போடுங்கள், நடுவில் என் கதை. இண்டியானாவில் எஸ்டேட் சேல் (ஒரு வீட்டுச் சாமான் முழுவதையும் விற்பது), கேரட் ஊரிலிருந்து அரை மணி நேரம். கிரீக் சப் தொழிற்சாலை இருந்த ஊர்தானே, ஆசையோடு சீக்கிரமே போய் வரிசையில் நின்றேன். விற்பனையைப் பார்த்துக்கொண்ட பெண் நல்ல மாதிரி. லூர்களை எல்லாம் துடைத்து, வெல்வெட் துணி விரித்து, நகைக்கடை மாதிரி அடுக்கியிருந்தார். "அழகா இருக்கா?" என்று என்னிடம் கேட்கவும் செய்தார்.

அவர் காலடியில் ஒரு கறுப்புக் குப்பைப் பை. வாய் கட்டவில்லை. உள்ளே அந்த லூர்கள் வந்த அட்டைப் பெட்டிகள், ஓரத்தில் பைக்கியின் எண்ணான 700 என்று முத்திரை குத்தினது உட்பட. எல்லாவற்றையும் மிதித்துத் தட்டையாக்கியிருந்தார், பை கொள்ளவேண்டும் என்று. மேலே காபி வடிகட்டின காகிதம், ஈரத்தோடு. சில சமயம் லூரைவிடப் பெட்டிக்கு அதிக விலை போகும் என்பதை நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? "அழகா இருக்கு" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அந்தப் பை மட்டும் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

தக்கை:
ஈரம் பட்ட அட்டையை வெள்ளைத் தாளுக்கு இடையில் வைத்துப் புத்தகச் சுமை ஏற்றினால்...

செதில்:
சார், பை குப்பைக்குப் போய்விட்டது.

புதுவரவு:
மன்னிக்கவும், அனுபவம் எதுவும் இல்லை. இதெல்லாம் எவ்வளவு போகும்? ஒரு லூர் 2003 இல் ஏலத்தில் 1,01,200 டாலருக்குப் போனதாகப் படித்தேன். மாமனார் வீட்டுப் பரணில் ஒன்று இருக்கிறது.

ஏரிக்கரையான்:
அது ஹாஸ்கெல் மின்னோ. 1859 இல் காப்புரிமை வாங்கினது, செம்பு, மரமே அல்ல. பரணில் இருப்பதைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்ப்போம். மாமனாரிடம் அந்த ஏலக் கணக்கைச் சொல்லிவிடாதீர்கள். ராசன், கேட்க மறந்தேன், அந்தப் பைக்கியை வாங்கினீர்களா?

ரைஸ்லேக் ராசன்:
ஓம், வாங்கினேன். தாத்தா தானாகவே விலையைப் பாதியாக்கினார். லூரின் வயிற்றில் பெடியனிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.

தக்கை:
கையெழுத்து பென்சிலா, பால்பாயிண்டா? பால்பாயிண்ட் என்றால் மேலே வார்னிஷ் அடித்துவிடாதீர்கள், மை கரைந்து பரவும்.